பையில் வைக்காத கல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெண்ணிலா தன் பையில் கல் வைக்கவில்லை.

போட்டிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வைப்பாள். ஓமந்தூரில் அவள் வீட்டுக்குப் பின்னால், கிணறு வெட்டியபோது வந்த கருங்கல் துண்டுகள் குவிந்து கிடக்கும். உள்ளங்கை அகலத்தில் ஒன்றைப் பொறுக்கித் துண்டில் சுற்றிப் பையின் அடியில் ஒளித்துவைப்பாள். அன்றைக்கும் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குனியக்கூடச் செய்தாள். பிறகு வெறுங்கையோடு திரும்பிவிட்டாள்.

"ஏன்டி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னைக்கு அம்பிகா வர்றாளாம்மா. சார் சொன்னாரு."

அம்மா அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்தாள். "அந்தப் பொண்ணுக்குக் குடு. எதுனா சாப்டுச்சான்னு கேளு" என்றாள்.

போட்டிக்குப் போகிறவள் கல்லை எதற்குச் சுமக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முதலில் விளையாட்டைச் சொல்ல வேண்டும்.

அதன் பெயர் டிஸ்க் கோல்ஃப். பிள்ளைகள் வாயில் அது 'தட்டு கோல்ஃப்' ஆகிவிட்டது. ஓர் இரும்புக் கம்பம். அதன் நடுவில் ஒரு கூடை. கூடைக்கு மேலே சுற்றிலும் சங்கிலிகள் தொங்கும். தூரத்தில் நின்று கையகலத் தட்டை வீச வேண்டும். தட்டு எங்கே விழுகிறதோ, அங்கேயே போய் நின்று மறுபடி வீச வேண்டும். சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தால் அந்தக் கூடை முடிந்தது. இப்படி ஒன்பது கூடைகள். யார் குறைவான தடவை வீசினாரோ அவருக்கே வெற்றி.

நடுவர் என்று யாரும் கூடவே வரமாட்டார். ஒருவருடைய கணக்கை இன்னொருவர் எழுதுவார். எதிரியின் கையில்தான் உங்கள் சீட்டு இருக்கும்.

வெண்ணிலாவின் எதிரி அம்பிகா. கடற்கரை ஊரான பொம்மையார்பாளையத்துப் பெண். இருவருக்கும் பதினொரு வயது. வெண்ணிலா தட்டைக் கோடு போட்டதுபோல் நேராக வீசுவாள். அம்பிகா அப்படி இல்லை. முதலில் மூக்கைத் தூக்கிக் காற்றைப் பார்ப்பாள். பிறகு எங்கோ ஒரு பக்கமாக வீசுவாள். காற்று அந்தத் தட்டை நல்லபிள்ளையாகக் கொண்டுவந்து கூடையருகே இறக்கிவிடும்.

இருவரில் ஒருவர்தான் எப்போதும் முதலில் வருவார். கோப்பை என்னவோ உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கோப்பைதான். இவர்கள் அடித்துக்கொண்டது அதற்காக அல்ல. தோற்றவள், ஜெயித்தவளின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டும். அதுதான் அவர்களுக்குள் இருந்த சட்டம்.

அந்தச் சட்டத்தைப் போட்டதே அம்பிகாவின் அம்மா தனம்தான். மீன் விற்கிறவள். போட்டி நாளில் விடிகாலையிலேயே வியாபாரத்தை முடித்துவிட்டு, காலி அலுமினிய அன்னக்கூடையோடு வந்து சேருவாள். அதைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்காருவாள். வீசும்போது சத்தம் போடக்கூடாது என்று போட்டியை நடத்தும் தேவசகாயம் சார் பத்துத் தடவை சொல்லியிருப்பார். தனத்தின் தொண்டைக்கு அதெல்லாம் கேட்காது. போட்டி முடிந்ததும் எழுந்து நின்று கூவுவாள்.

"தோத்தவ தூக்கு! ஜெயிச்சவ நட!"

எதிரியை நன்றாகக் கஷ்டப்படுத்த வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இருவரும் பையில் கல் வைக்கத் தொடங்கினார்கள். ஜெயித்தால் எதிரி சுமப்பாள். தோற்றால், தன் கல்லைத் தானே சுமக்க வேண்டும். ஆகவே ஜெயிப்போம் என்று நம்புகிறவள்தான் கல் வைப்பாள்.

இருவரும் கடைசியாக மோதிய விழுப்புரப் போட்டியில் வெண்ணிலா தோற்றாள். போதாக்குறைக்குக் காலில் முள் வேறு. "பாவம்மா, நானே தூக்கிக்கிறேன்" என்றாள் அம்பிகா. தனம் விடவில்லை. வெண்ணிலாவின் காலை மடியில் வைத்து, ஊக்கால் முள்ளை எடுத்துவிட்டாள். எச்சில் தொட்டுத் தடவினாள். பிறகு அம்பிகாவின் பையை வெண்ணிலாவின் தோளில் மாட்டி, தன் அன்னக்கூடையையும் அவள் தலையில் கவிழ்த்தாள்.

"இப்ப நட! முள்ளுக்கு வைத்தியம் பண்ணியாச்சு. தோத்ததுக்கு வைத்தியம் கெடையாது!"

வெண்ணிலாவின் தலையில் இரண்டு நாள் மீன் வாடை போகவில்லை. அவளுக்குத் தனம் அத்தையை அவ்வளவு பிடிக்கும்.

அதற்கு அடுத்த மாதம் தனம் மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். மூன்று மாதமாக அம்பிகா தட்டைத் தொடவில்லை. இன்றைக்குத்தான் வருகிறாள்.

திண்டிவனத்துக்கு வெளியே, போட்டி நடக்கும் ஏரிக்கரையில் வெண்ணிலா பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கோகுலகிருஷ்ணன் ஓடிவந்தான். அவள் வகுப்புதான். எல்லாப் போட்டிக்கும் வருவான். தட்டை வீசுகிற நேரத்தைவிட முள்செடிக்குள் தேடுகிற நேரம் அவனுக்கு அதிகம்.

"வெண்ணிலா, நீ, நானு, அம்பிகா, மூணு பேரும் ஒரே குழு" என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இன்னைக்கு நீ ஜெயிச்சுறாத, சரியா? எல்லாரும் பேசி வச்சிருக்கோம். அதுக்கு அம்மா இல்ல. இந்தத் தடவை அது ஜெயிக்கட்டும்."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றாள் வெண்ணிலா. காலையில் ஏன் வெறுங்கையோடு திரும்பினோம் என்று அப்போதுதான் அவளுக்கே தெளிவாகத் தெரிந்தது.

அம்பிகா புளியமரத்தடியில் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். வெண்ணிலா கொடுத்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "சாப்டியா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்தில் அவள் அப்பா செல்வகுமார். கடலுக்குப் போகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். வீட்டுச் சத்தம் முழுவதையும் தனமே பார்த்துக்கொண்டாள்.

அம்பிகா தண்ணீர் குடிக்கப் போனபோது அவர் மெல்லச் சொன்னார்.

"ஊட்டுல பேச்சே இல்லம்மா. அழுவவும் மாட்டேங்குது. இன்னைக்கு ஜெயிச்சுதுன்னா கொஞ்சமாச்சும் சிரிக்கும்னுதான் கூட்டிக்கினு வந்தேன்."

"கட்டாயம் சிரிப்பா மாமா" என்றாள் வெண்ணிலா.

போட்டி தொடங்கியது.

வேண்டுமென்றே தோற்பது எளிது என்று நினைத்தால் அது தப்பு. கை பழகிய வேலையைத்தான் செய்யும். வெண்ணிலாவின் தட்டு அவளைக் கேட்காமல் நேராகவே போனது. ஆறு கூடைகள் முடிந்தபோது அவள் இருபது தடவை வீசியிருந்தாள். அம்பிகா இருபத்தொன்று. கோகுலகிருஷ்ணன் எத்தனை என்பதை அவன் கேட்டுக்கொண்டபடி நாம் விட்டுவிடுவோம்.

நடுநடுவே வெண்ணிலா பழக்கதோஷத்தில் கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். கவிழ்த்த அன்னக்கூடை இல்லை. "ஓமந்தூர்க்காரி, கண்ணத் தொறந்து வீசுடி!" என்ற குரல் இல்லை. ஏரிக்கரை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

ஏழாவது கூடை. அம்பிகா மூன்றாவது வீச்சில் முடித்துவிட்டாள். வெண்ணிலாவின் தட்டு இரண்டே வீச்சில் கூடைக்கு ஆறடி தூரத்தில் வந்து கிடந்தது. அங்கிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு வீசினாலும் விழும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பனைமரத்துக்குப் பக்கத்தில் செல்வகுமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கோகுலகிருஷ்ணன் வாயைத் திறக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்டினான்.

வெண்ணிலா தட்டை உயர்த்தி வீசினாள். அது சங்கிலிக்கு ஒரு முழம் மேலே பறந்து அந்தப் பக்கம் விழுந்தது. அவள் போய் எடுத்து, நான்காவது வீச்சில் கூடைக்குள் போட்டாள்.

"அடடா, போச்சே!" என்றான் கோகுலகிருஷ்ணன், நாடகத்தில் வசனம் பேசுவதுபோல.

இருவருக்கும் இப்போது இருபத்துநான்கு. சமம்.

வெண்ணிலாவின் சீட்டு அம்பிகாவிடம் இருந்தது. பென்சிலும் இருந்தது. ஆனால் அவள் எழுதவில்லை.

"ஏன்டி தப்புச்சு?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"காத்து இழுத்துக்கினு போயிடுச்சு" என்றாள் வெண்ணிலா.

அம்பிகா அண்ணாந்து பார்த்தாள். பனையோலை ஒன்றுகூட அசையவில்லை. ஏரித்தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது.

"காத்தா? கடக்கரைக்காரிகிட்ட வந்து காத்துன்னு சொல்றியா?"

வெண்ணிலா கையிலிருந்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திருடிவிட்டு மாட்டிக்கொண்டதுபோல முகம் சுட்டது.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்பிகா. "பள்ளிக்கூடத்துல வீட்டுப்பாடம் எழுதலன்னா என்ன மட்டும் திட்ட மாட்டேங்கறாங்க. தெருக்குழாயில நான் போனா எல்லாரும் கொடத்த எடுத்துக்கினு வழி விடறாங்க. நேத்து ஒரு பையனத் தள்ளிவுட்டேன். அவனும் என்ன திருப்பித் தள்ளல. எங்கம்மா செத்ததிலேருந்து எல்லாரும் எதுனா குடுத்துக்கினே இருக்காங்க. நீ ஒருத்தி அப்படி இருக்க மாட்டன்னு நெனச்சுதான்டி வந்தேன்."

அவள் தட்டை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

"நான் போறேன். இனிமே இந்த வெளையாட்டுக்கு வரமாட்டேன்."

கோகுலகிருஷ்ணன் பதறிப்போனான். "ஐயோ, பேஜாரா பூடுச்சே! சாரைக் கூட்டாறட்டுமா?"

"வேணாம், இரு" என்றாள் வெண்ணிலா.

'மன்னித்துக்கொள்' என்று சொல்லலாம். கட்டிக்கொண்டு அழலாம். ஆனால் அதுவும் அம்பிகாவுக்கு எல்லாரும் கொடுத்துக்கொண்டிருக்கிற பொருள்தானே? தனம் அத்தை இருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? முள்ளை எடுத்துவிட்டுப் பையையும் தூக்கவைத்தவள் அவள்.

வெண்ணிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வேணும்னுதான் விட்டேன். தப்புதான். நாலு தடவ வீசினேன். நாலுன்னே எழுது. அது எனக்குத் தண்டன. ஆனா இன்னும் ரெண்டு கூடை இருக்குதுடி. இன்னைக்கு என் பைய உன் தோள்ல ஏத்தி பஸ் நிக்கற எடம் வரைக்கும் நடக்க வக்கல, நான் ஓமந்தூர்க்காரி இல்ல!"

கோகுலகிருஷ்ணன் வாயைப் பிளந்தான். அம்மா இல்லாத பெண்ணிடம் இப்படியா பேசுவார்கள்?

அம்பிகா வெண்ணிலாவையே உற்றுப் பார்த்தாள். அந்த முகத்தில் பரிதாபம் எங்கேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுவதுபோலப் பார்த்தாள். பிறகு சீட்டை முழங்காலில் வைத்து, 'நான்கு' என்று அழுத்தி எழுதினாள். பைக்குள் கையை விட்டுத் தட்டை வெளியே எடுத்தாள்.

"நடடி பாக்கலாம்" என்றாள்.

எட்டாவது கூடையில் இருவரும் மும்மூன்று. யாரும் பேசவில்லை. ஆனால் அது வேறு மாதிரி அமைதி. கோகுலகிருஷ்ணன்கூடத் தன் தட்டைத் தேட மறந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதாவது கூடை ஏரியின் மூலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கரையோடு சுற்றிப் போனால் பத்திரம். தண்ணீருக்கு மேலே வீசினால் பக்கம். ஆனால் தட்டு விழுந்தால் தண்ணீரோடு போகும்.

அம்பிகா மூக்கைத் தூக்கினாள். இப்போது இலேசாகக் காற்று எழும்பியிருந்தது. தண்ணீருக்கு மேலேயே வீசினாள். தட்டு வளைந்து, சாய்ந்து, விழுந்தேவிட்டது என்று நினைக்கும்போது மேலெழும்பி அந்தக் கரையில் போய் இறங்கியது. வெண்ணிலாவுக்கே கை தட்டத் தோன்றியது. தட்டவும் செய்தாள்.

அவள் கரையோடு நேராக வீசினாள்.

இரண்டாவது வீச்சில் அம்பிகாவுக்கு அதிர்ஷ்டம் இல்லை. தட்டு பனைமரத்தில் 'டொப்' என்று மோதிக் கீழே விழுந்தது. வெண்ணிலாவின் இரண்டாவது தட்டு கூடைக்கு இருபதடியில் நின்றது. அம்பிகாவின் மூன்றாவது தட்டு கூடைக்கு மிக அருகே போய்க் கிடந்தது. அடுத்த வீச்சில் அவள் முடித்துவிடுவாள்.

வெண்ணிலா இப்போது போட்டால் ஜெயிப்பாள். தவறவிட்டால் சமம். இருபதடி என்பது சுலபம் இல்லை. தவறினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

செல்வகுமார் கூடையருகே வந்து நின்றிருந்தார். தேவசகாயம் சாரும் வந்துவிட்டார். மற்றக் குழுப் பிள்ளைகள் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். எல்லார் கண்ணும் ஒன்றையே சொல்லின. விட்டுவிடு.

அம்பிகாவின் கண் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

வெண்ணிலா மூச்சை இழுத்து நிறுத்தினாள். வீசினாள்.

சங்கிலிகள் 'சலார்' என்று ஒலித்தன. தட்டு கூடைக்குள் விழுந்தது.

யாரும் கை தட்டவில்லை. "உனக்கு மனசே இல்லியா?" என்று கோகுலகிருஷ்ணன் முணுமுணுத்தான். தப்புச் செய்துவிட்டோமோ என்று வெண்ணிலா ஒரு கணம் பயந்தேபோனாள்.

அம்பிகா நடந்து போய்த் தன் கடைசித் தட்டைக் கூடைக்குள் போட்டாள். தோற்றுவிட்டாலும் அதைப் போட்டு முடிக்க வேண்டும். பிறகு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. மூன்று மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. அவள் அப்பா ஓடிப்போய் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் வெகுநேரம் சத்தமாக அழுதாள். தேவசகாயம் சார் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி நின்றார்.

கடைசியில் அம்பிகா பாவாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெண்ணிலாவிடம் வந்தாள். கையை நீட்டினாள்.

"பையக் குடுடி."

வெண்ணிலா கழற்றிக் கொடுத்தாள். அம்பிகா அதைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி தூக்கிப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"இன்னாடி இவ்ளோ லேசா இருக்குது? கல்லு எங்க?"

வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டாள். "வக்கல."

"அப்ப காலையிலியே தோக்கணும்னுதான் கெளம்புனியா?"

"ஆமாம்."

அம்பிகா தன் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே, துண்டில் சுற்றி இரண்டு கற்கள் இருந்தன. கடல் தேய்த்து மழமழவென்று இருந்த கற்கள்.

"நான் ஜெயிக்கணும்னுதான்டி வந்தேன்" என்றாள்.

பிறகு குனிந்து, ஏரிக்கரையில் கிடந்த ஒரு நல்ல கல்லாகப் பார்த்து எடுத்தாள். தூக்கிப் பார்த்தாள். போதாது என்று கீழே போட்டுவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்றை எடுத்தாள். வெண்ணிலாவின் பையில் அதை வைத்து மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள். இன்னொரு தோளில் தன் பை.

செல்வகுமார் அவசரமாகக் கையை நீட்டினார். "ரெண்டும் கனமா இருக்குதே. ஒண்ண எங்கிட்ட குடு கண்ணு."

"வேணாம்ப்பா. அம்மா இருந்தா உன்னத்தான் திட்டும்."

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி முயன்றார். அதிர்ந்து பேசாத அந்த மனிதர், ஏரிக்கரையில் அத்தனை பேர் நடுவே, தன்னால் முடிந்த அளவு உரக்கச் சொன்னார்.

"தோத்தவ தூக்கு..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"ஜெயிச்சவ நட!" என்று அம்பிகா முடித்தாள். அவள் அம்மாவின் தொண்டை அப்படியே அவளுக்கு வந்திருந்தது. புளியமரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன.

வெண்ணிலா கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள். அம்பிகா இரண்டு பைகளோடு மூச்சு வாங்கப் பின்னால் வந்தாள். வழியில் மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து உரித்துத் தின்றாள். வெண்ணிலாவுக்கும் கொஞ்சம் கொடுத்தாள். கோகுலகிருஷ்ணனுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

"எனக்கு?" என்றான் அவன்.

"யாரையும் ஜெயிக்க வுடச் சொல்லி சிபாரிசு பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணு, தரேன்."

அவன் உடனே சத்தியம் செய்தான். ஒரு பிடி கிடைத்தது.

புதுச்சேரி பஸ் வந்தது. அம்பிகா பையை இறக்கி வெண்ணிலாவிடம் கொடுத்துவிட்டு அப்பாவோடு ஏறிக்கொண்டாள். பஸ் நகர்ந்தபோது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள்.

"அடுத்த மாசம் நாலு கல்லு கொண்டாறேன்டி, ஓமந்தூர்க்காரி!"

வெண்ணிலா இப்போதே தன் தோளைத் தடவிவிட்டுக்கொண்டாள்.